மறுகால் எந்தப் பக்கம்?

என் வீட்டுக்காரர் கண்ணால் பார்க்காத ஓர் ஏரியைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசப் போகிறார் என்று அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. 'பதினேழாயிரத்து எண்ணூறு அடி உயரத்தில் பனி ஏரி: நேரில் கண்ட அனுபவம். உரை: திரு. செல்லத்துரை, தீப்பெட்டித் தொழிலதிபர்.' இடம், கோவில்பட்டி வியாபாரிகள் சங்கக் கட்டடம். நேரம், ஞாயிறு காலை பத்தரை. கீழே சின்ன எழுத்தில், 'குடும்பத்துடன் வருக.' எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்தக் குடும்பம் நான்தான். அந்த ஏரியைப் பார்த்ததும் நான்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்காக மே மாசக் கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் சிக்கிம் போனோம். குருடோங்மார் ஏரி அந்த மாநிலத்தின் வடக்கு மூலையில், சீன எல்லைக்கு ஐந்து கிலோமீட்டர் இந்தப் பக்கம் இருக்கிறது. லாச்சென் என்கிற ஊரிலிருந்து இருட்டோடு வண்டி கிளம்பியது. பதிமூவாயிரம் அடியில் தாங்கு என்று ஒரு சின்ன ஊர். அங்கே இறங்கிய நிமிஷமே என் வீட்டுக்காரருக்குத் தலை சுற்றி, காலையில் குடித்த டீ வெளியே வந்து, உதடு நாவல்பழ நிறமாகிவிட்டது. டிரைவர் தம்பி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் இவரை ஏற்றமாட்டேன் என்று கையை விரித்துவிட்டான்.

"நாம ரெண்டு பேரும் திரும்பிருவோம்ட்டி" என்றார்.

"நீங்க இங்கன டீக்கடையில ஒக்காந்திருங்க. நான் போய்ட்டு வாரேன்" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. கழுகுமலைக்குப் பஸ் ஏறினால்கூட அவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறுவேன். அன்றைக்கு மட்டும், சொன்னேனே தவிர, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மேலே போனேன், பார்த்தேன், வந்தேன்.

ஊருக்குத் திரும்பியபோது கோவில்பட்டி ஸ்டேஷனில் சங்கத் தலைவர் பெருமாள்சாமி அண்ணாச்சி சால்வையோடு நின்றார். "ஏரி எப்படி இருந்துது?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "ஆகா, சொல்ல வார்த்த இல்ல அண்ணாச்சி" என்றார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. உண்மையிலேயே அவரிடம் வார்த்தை இல்லை.

ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "செம்பகவல்லி அம்மன் மேல சத்தியம் பண்ணு. நான் டீக்கடையில ஒக்காந்த கதைய வெளிய சொல்லிராத." தினமும் விடிகாலையில் கழுகுமலை வரை சைக்கிள் மிதித்துவிட்டு வருகிற மனுஷன் அவர். ஊரில் 'இரும்பு' என்று பெயர் வாங்கியவர். போனால் போகிறதென்று சத்தியம் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

வார்த்தை இல்லாதவருக்கு அப்புறம் நாளுக்கு நாள் வார்த்தை முளைத்தது. முதல் வாரம் ஏரியைப் பார்த்தார். இரண்டாவது வாரம் பனி உடைகிற சத்தத்தைக் கேட்டார். மூன்றாவது வாரம் ராணுவ வீரர் அவருக்கு சல்யூட் அடித்தார். நாலாவது வாரம் விட்டிருந்தால் சீனாவுக்குள் ஒரு கால் வைத்து எடுத்திருப்பார். போட்டோ காட்டு என்று கேட்டால் என் போனைத்தான் வாங்கிக் காட்டுவார். பதினாலு படம், பதினாலிலும் நான் மட்டும் நிற்கிறேன். எடுத்தவன் டிரைவர் தம்பி.

"ஒங்களக் காணமே?" என்று யாராவது கேட்டால், "எடுத்ததே நாந்தானப்பா!" என்பார். அகப்பட்ட இடத்திலேயே ஆதாரம் செய்துகொள்கிற சாமர்த்தியம் அவருக்கு.

என்னிடம் யாரும் ஏரியைப் பற்றிக் கேட்கவில்லை. "குளிருக்கு என்ன சாப்ட்டீய?" என்று கேட்டார்கள். "ஸ்வெட்டர் எங்க எடுத்தீய?" என்று கேட்டார்கள். அடுத்த தெரு நூருன்னிசா என் சிநேகிதி, அவளும்கூட, "அண்ணாச்சி ஏரியப் பாத்தப்ப நீ எங்க நின்ன?" என்றாள். "நானும் ஓரமா நின்னேன்" என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தோசைக்கல்லை டம்மென்று அடுப்பில் வைத்தேன். அவ்வளவு பெரிய தண்ணீர் எனக்குள் தளும்பிக்கொண்டிருக்கிறது, வாயைத் திறந்தால் சத்தியம் போய்விடும். திறக்காவிட்டால் நான் போய்விடுவேன் போலிருந்தது. நான் பார்த்த ஏரி என் கண் முன்னாலேயே அவருடைய ஏரியாகிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார். "ஏட்டி சுகுணா, ஏரியப் பத்தி பாயிண்டு மட்டும் சொல்லு. கதையெல்லாம் வேண்டாம்."

பாயிண்டாம்! இருந்தாலும் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஒரு பக்கம் கல்லுப்பைக் குவித்து மலை ஆக்கினேன். "இந்தா, அடுப்பு இருக்கது தெக்கு. மலை தெக்க இருக்கு. அங்கன இருந்து பனி உருகி ஏரிக்கு வருது."

அவர் தாம்பாளத்தைக் கால் சுற்று திருப்பினார். உப்பு மலை ஜன்னல் பக்கம் போனது. "மலைன்னா மேக்கதாம்ட்டி இருக்கும்."

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் கரிசல் காட்டுப் பக்கம் பிறந்தவர்களுக்கு மலை என்றால் மேற்கு, கடல் என்றால் கிழக்கு. எந்தக் கண்மாய்க்கும் மேற்கேயிருந்து தண்ணீர் வரும், கிழக்கே கரை இருக்கும். இது எங்களுக்குக் கை கால் மாதிரி. நான் திரும்பவும் தெற்கே வைத்தேன், அவர் திரும்பவும் மேற்கே வைத்தார். மூன்றாவது தடவை உப்பு கரைந்து மலையே இல்லாமல் போனது.

"மறுகாலாவது கேட்டுக்கோங்க. ஏரி நெறஞ்சா மிச்சத் தண்ணி எந்த வழியா வெளிய போகுதுன்னா..."

"அதையெல்லாம் எவன் கேக்கப் போறான்?" என்று எழுந்து போய்விட்டார்.

கோவில்பட்டியில் பிறந்து ஐம்பத்து மூன்று வருஷம் இருந்தவர் சொல்கிற பேச்சா இது? எங்கள் ஊரில் தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டால் மூன்று கேள்வி தானாக வரும். எத்தனை ஏக்கர், வரத்து எங்கிருந்து, மறுகால் எந்தப் பக்கம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் ஊரைச் சொன்னால்கூட, பையன் என்ன படித்திருக்கிறான் என்பதற்கு முன்னால் அந்த ஊர்க் கண்மாயை விசாரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் பனிமலை மாதிரியே வந்தார். சுவரில் என் படத்தைப் பெரிதாகப் போட்டார்கள். நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், எனக்குப் பின்னால் ஏரி, அதற்குப் பின்னால் வெள்ளை மலை. முன் வரிசையில் நூருன்னிசா பக்கத்தில் உட்கார்ந்து நானே என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பது நிமிஷமும் நன்றாகவே பேசினார், பாவி மனுஷன். குளிரைச் சொன்னபோது முன் வரிசையில் ஒருவர் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கைதட்டல் முடிந்ததும் கேள்வி நேரம் என்றார்கள். வத்தல் கமிஷன் கடை செய்யது அலி அண்ணாச்சி, நூருன்னிசாவின் வீட்டுக்காரர், எழுந்தார்.

"எத்தன ஏக்கரு அண்ணாச்சி?"

"முந்நூறு ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மி." சரியான பதில். தாம்பாளப் பாடத்தில் அது ஒன்றுதான் தேறியது.

"வரத்து?"

"மேக்க மலை. பனி உருகி வருது."

"மறுகால் எந்தப் பக்கம்?"

"கிழக்கதான். வேற எங்க?"

கூடம் முழுவதும் தலையாட்டியது. உலகத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்கிற திருப்தி அதில் தெரிந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். செய்யது அலி அண்ணாச்சி மட்டும் உட்காரவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு என் படத்தையே பார்த்தார். நாற்பது வருஷமாகக் களத்தில் மிளகாய் வத்தல் காயப்போட்டு, வெயில் நகர நகர அள்ளிப் போட்டவர். அவரிடம் வெயிலைப் பற்றிக் கதை விட முடியாது.

"இந்தப் படம் எத்தன மணிக்கு எடுத்தீய?"

"காலம்பற எட்டரைக்கு."

"அப்ப சூரியன் கிழக்க. மலை மேக்கன்னா மதினியோட நெழலு மலையப் பாத்துல்லா விழணும்? இங்கன படத்துல நம்ம வலது கைப் பக்கமா விழுதே. அப்படிப் பாத்தா மலை தெக்கல்லா இருக்கு?"

எல்லாரும் என் நிழலைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும் பார்த்தார். பதினாலு படத்தை ஊரெல்லாம் காட்டியவர் அந்த நிழலை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

"அது வந்து, ரொம்ப ஒசரம் பாத்தீயளா, அங்கன திசையெல்லாம் கொஞ்சம் மாறும்" என்றார்.

பின்வரிசையில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். செய்யது அலி அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை, கவலைதான் வந்தது. "மலை தெக்கன்னா தண்ணி வடக்கல்லா போகணும்? வடக்க சீனால்லா இருக்கு? அப்ப நம்ம தண்ணி சீனாவுக்கா போகுது?"

அவ்வளவுதான், கூடம் இரண்டுபட்டது. "நம்ம மறுகால் தண்ணிய அவனுக்கு விட்டுட்டா வந்தீய?" என்றார் ஒருவர். "கரைய ஒசத்தச் சொல்லணும்" என்றார் இன்னொருவர். "மனு குடுப்போம்" என்று பெருமாள்சாமி அண்ணாச்சி எழுந்தே விட்டார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஏரிக்காகக் கோவில்பட்டி வியாபாரிகள் சங்கம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மேடையில் என் வீட்டுக்காரர் டம்ளரைத் தேடினார். உதடு தாங்குவில் பார்த்த அதே நிறத்துக்குப் போயிருந்தது.

எனக்குச் சத்தியம் ஞாபகம் இருந்தது. அம்மன் ஞாபகம் இருந்தாள். ஆனால் அந்தத் தண்ணீரின் மேல் இப்படி அபாண்டம் சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"சீனாவுக்குப் போகல!" என்று எழுந்து கத்திவிட்டேன்.

எல்லாரும் திரும்பினார்கள். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நாக்கு நுனியில் உண்மை வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னேன். "இவிய படம் எடுக்கதுல கவனமா இருந்தாவ. தெசையெல்லாம் நாந்தான் பாத்துக்கிட்டேன்."

"அப்ப நீங்க மேல வந்து சொல்லுங்க மதினி" என்றார் செய்யது அலி அண்ணாச்சி.

மேடை ஏறினேன். மூன்றே படி. ஆனால் பதினேழாயிரம் அடியில் வந்த அதே கிறுகிறுப்பு வந்தது, அதன் பின்னாலேயே அதே சிரிப்பும் வந்தது. ஏரிக்கரையில் காற்றே பத்தாது. பத்து எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். தலை லேசாகி, காரணமில்லாமல் சிரிப்புப் பொங்கும். டிரைவர் தம்பி பயந்துபோய், மலைக் கிறுகிறுப்புக்கு அங்கே கொடுக்கிற சோளப்பொரியை என் உள்ளங்கையில் திணித்து, தின்னு தின்னு என்று சைகை காட்டினான். நான் பொரியைத் தின்றுகொண்டே சிரித்தேன். அதை அப்படியே மைக்கில் சொன்னேன், சொல்லும்போதும் சிரித்தேன். நூருன்னிசாவுக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. அவளிடமிருந்து வரிசை வரிசையாகப் பின்னால் போனது.

"மேல ஒரு மரங் கெடையாது, செடி கெடையாது. நம்ம காடு கோடையில கெடக்குமே, அப்படி மொட்டையா கெடக்கு. அதுல வண்டி போய்க்கிட்டே இருக்கு. திடீர்னு ஒரு மேடு ஏறி எறங்குனா, தண்ணி! நீலமுன்னா நீலம், பச்சையின்னா பச்சை. ஒரு பக்கம் இன்னும் பனிக்கட்டி மெதக்குது. அது ஒண்ணோட ஒண்ணு ஒரசி கிணுகிணுன்னு சத்தம் வருது. பாக்கதுக்கு எனக்கு ரெண்டு கண்ணு பத்தல!"

"அந்தக் கலரு எப்படி வருது?" என்றார் ஒருவர்.

"மலை மேல கெடக்க பனி சும்மா கெடக்கல. நவுண்டுக்கிட்டே இருக்கு. நவுளயில பாறைய அரைக்கி, நம்ம கிரைண்டர் அரைக்க மாதிரி. அந்தக் கல்லு மாவு தண்ணியில கலந்து அடியில உக்காராம நிக்கி. அதுல வெயிலு பட்டுத்தான் அந்த நெறம்."

"கரை யாரு போட்டது?"

"அதுவும் பனிதான். கல்லையும் மண்ணையும் ஜேசிபி மாதிரி தள்ளிக்கிட்டு வந்து, கரையப் போட்டுட்டு, அது பின்னால போயிருச்சு."

"இதெல்லாம் யாரு சொன்னா மதினி?"

"அங்கன காவலுக்கு நிக்க ராணுவத் தம்பி. பேரு விஜயராஜ். எந்த ஊருன்னு நெனைக்கீய? கழுகுமல!"

கூடம் கூரை பிய்ந்துகொள்கிற மாதிரி கைதட்டியது. அந்தத் தம்பியும் என்னைப் பார்த்ததும் முதலில், ஊரில் மழை உண்டா என்றுதான் கேட்டான். அதைச் சொன்னேன், இன்னொரு தரம் தட்டினார்கள்.

"மறுகாலச் சொல்லுங்க" என்றார் செய்யது அலி அண்ணாச்சி. அவர் இன்னும் உட்காரவில்லை.

"மறுகால் வடக்கதான். நீங்க சொன்னது சரி." கூடம் மூச்சைப் பிடித்தது. நான் வேண்டுமென்றே ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். "ஏரிய விட்டு சின்ன ஓடையா வடக்காம கெளம்புது. எல்லையப் பாத்துப் போகுது. அங்கன இன்னொரு ஏரித் தண்ணி வந்து சேருது. சேந்ததும் மேக்க திரும்பி, அப்புறம் தெக்க திரும்பி, நாங்க ஏறிப் போன வழியிலயே கீழ வருது. அதுதான் டீஸ்டா நதி. எல்லை வரைக்கும் எட்டிப் பாத்துட்டு நம்ம பக்கமே திரும்பிருச்சு!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று செய்யது அலி அண்ணாச்சி இப்போதுதான் உட்கார்ந்தார். எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்தால்கூட அப்படி ஒரு ஆரவாரம் வந்திருக்காது. பின்னால் அது வங்கதேசத்துக்குப் போகிறது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. எனக்கும் பரவாயில்லை. தளும்பிக்கொண்டிருந்தது எல்லாம் ஒரு வழியாகப் போய்க்கொண்டிருந்தது, சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போது என் வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நான் ஏரியப் பாக்கல" என்றார். "படமும் எடுக்கல. எனக்குப் பாதியிலயே மயக்கம் வந்துட்டு. தாங்குங்கிற ஊருல ஒரு டீக்கடையில ஒக்காந்திருந்தேன். இவ மட்டும் போனா."

யாரும் சிரிக்கவில்லை.

"அந்தக் கடைக்காரம்மா அடுப்பப் பத்த வச்சுது. தீப்பெட்டிய வாங்கிப் பாத்தா கோவில்பட்டி! அதுவும் நம்ம பெருமாள்சாமி அண்ணாச்சி கம்பெனிப் பெட்டி." இப்போது சிரித்தார்கள். "எண்ணிப் பாத்தேன், நாப்பத்தாறு குச்சி இருந்துது. எண்ணி முடிக்கதுக்குள்ள இவ வந்துருவான்னு நெனச்சேன். வரல. காத்து இல்லாத எடத்துக்கு இவளத் தனியா அனுப்பிட்டமேன்னு இருந்துது. திரும்ப எண்ணுனேன். பதினோரு தடவ எண்ணிட்டேன். வண்டி வந்து நின்னப்ப இவ ஒரே சிரிப்பா சிரிச்சுக்கிட்டு எறங்குனா. இந்த இருவத்தஞ்சு வருசத்துல நான் அப்படி ஒரு சிரிப்பப் பாத்ததில்ல. நான் பாத்தது அது ஒண்ணுதான். அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ஏரியப் பாத்தேன்னு சொல்லிட்டேன்."

பெருமாள்சாமி அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேற யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையை உயர்த்தினார். "எனக்கு ஒண்ணு இருக்கு" என்று என் பக்கம் திரும்பினார். "எறங்கயில எதுக்கு அப்படிச் சிரிச்ச?"

சிரிப்பும் அழுகையும் ஒரே வாசலில் இடித்துக்கொண்டு நின்றன.

"மேல பாத்ததயெல்லாம் ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு வழியெல்லாம் நெனச்சுக்கிட்டே வந்தேன். அந்தச் சந்தோசத்துல சிரிச்சேன். நீங்க, 'சீக்கிரம் வண்டிய எடுக்கச் சொல்லு'ன்னு சொல்லிட்டீய. இன்னைக்கு வரைக்கும் கேக்கவே இல்ல."

"இப்பக் கேக்கேன்" என்றார். மேடையிலிருந்து இறங்கி, முன் வரிசையில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "மொதல்ல இருந்து சொல்லு."

நான் மைக்கைப் பிடித்து, தாங்குவை விட்டு வண்டி கிளம்பிய இடத்திலிருந்து ஆரம்பித்தேன். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும் வரை சொன்னேன்.